ரோமா, லிஸ்பனா, ஆர்மீனியாவா: அம்மாவோடு ஒரு கோவில் பயணம்

2018 மே மாதம். ரோமில் எங்கள் சுற்றுலாப் பேருந்து ஒரு பெரிய கோவிலின் பக்கத்தில் சிக்னலுக்காக நின்றது. வழிகாட்டி மைக்கை எடுத்து, "இடது பக்கம் தெரிவது சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயம்" என்றார். அடுத்த மூச்சில் மதியச் சாப்பாடு எங்கே என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அம்மா ஜன்னல் கண்ணாடியில் கையை வைத்தபடி என்னைக் கேட்டார்: "இதுதான நம்ம பனிமய மாதா கோவிலு?"

அதுதான். தூத்துக்குடிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 4ஆம் நூற்றாண்டில் ஒரு ஆகஸ்ட் 5 அன்று, கொளுத்தும் கோடையில், ரோமின் எஸ்குவிலின் குன்றில் பனி பெய்ததாகவும், பனி விழுந்த இடத்தில் மாதாவுக்குக் கோவில் எழுந்ததாகவும் ஒரு மரபு உண்டு. தூத்துக்குடி மாதாவுக்குப் பனிமய மாதா என்ற பெயர் அந்தப் பனியிலிருந்து வந்ததுதான். ஜூலை 26 கொடியேறி, ஆகஸ்ட் 5 திருவிழா. அம்மா பிறந்து வளர்ந்தது அந்தக் கோவிலிலிருந்து கூப்பிடு தூரத்தில். அறுபது வருடத்துக்கு மேல் கும்பிட்ட மாதாவின் மூலக்கோவிலை, சிவப்பு விளக்கு பச்சையாகும் வரைக்கும்தான் அவரால் பார்க்க முடிந்தது.

அந்தப் பயணம் ஒன்பது நாளில் ஆறு ஊர். ரோம், அசிசி, புளோரன்ஸ், பீசா, வெனிஸ், மிலான். தினமும் காலை ஆறு மணிக்குப் பெட்டியை வராந்தாவில் வைக்க வேண்டும். அசிசியில் ஏற்றம் என்பதால் அம்மா பேருந்திலேயே உட்கார்ந்திருந்தார். இப்போது அவருக்கு 72 வயது, ஒரு மூட்டு மாற்று அறுவை ஆகியிருக்கிறது. மகளுக்கு 14, மகனுக்கு 9. நாங்கள் ஐந்து பேரும் வரும் மே விடுமுறையில் பன்னிரண்டு நாள் போகலாம் என்று முடிவு செய்து, மூன்று இடங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மாதமாக யோசித்தோம். மூன்றுமே எனக்குக் கொஞ்சமாவது தெரிந்த இடங்கள். ஆர்மீனியாவுக்கு ஷார்ஜாவில் இருக்கும் தங்கச்சி குடும்பத்தோடு ஒரு ஈத் விடுமுறையில் போனேன். லிஸ்பனுக்கு அலுவலக வேலையாகப் போனபோது கூடுதலாக மூன்று நாள் தங்கினேன்.

இந்த முறை நான் பார்த்தவை மூன்றே விஷயம். அம்மா கோவிலுக்குள் அரை மணி நேரம் உட்கார இடம் இருக்கிறதா? எத்தனை தடவை பெட்டி கட்ட வேண்டும்? உள்ளே போனால் எங்கள் வீட்டுக்குத் தெரிந்த யாராவது இருக்கிறார்களா? கடைசிக் கேள்வி விநோதமாகத் தோன்றலாம். ஆனால் முதல் பயணத்தில் பிள்ளைகளோ அம்மாவோ எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாததற்குக் காரணம் அதுதான். தூண், கூரை, ஓவியம் என்று எல்லாமே யாரோ ஒருவருடையதாக இருந்தது.

முதலில் ஆர்மீனியா. 301ஆம் ஆண்டிலேயே கிறிஸ்தவத்தை அரசு மதமாக ஏற்ற நாடு என்பது அவர்கள் மரபு. செலவு ஐரோப்பாவைவிட நிச்சயம் குறைவு. விசா இணையத்திலேயே வாங்கலாம், வளைகுடாவில் குடியிருப்பு அனுமதி உள்ளவர்களுக்கு இன்னும் சுலபம். எரெவான் நகரில் ஒரே வீட்டில் தங்கி, ஒரு காரும் ஓட்டுநரும் வைத்துக்கொண்டால் எச்மியாட்சின் பேராலயம், கெகார்ட், கோர் விராப் எல்லாம் போய் இரவு திரும்பிவிடலாம். பெட்டி கட்டுகிற வேலையே இல்லை.

கெகார்ட் மடத்தை நான் மறக்கவே மாட்டேன். பாதிக் கோவில் மலைப்பாறையைக் குடைந்து செய்தது, 13ஆம் நூற்றாண்டு வேலை. மாமல்லபுரம் பார்த்த கண்ணுக்கு அந்த உளி வேலை உடனே பிடிபடும். உள்ளே ஒரு அறையில் பாறையிலிருந்து ஊற்றுநீர் கசிந்து தரையில் வெட்டிய கால்வாயில் ஓடுகிறது. மேலே ஒரு குடைவறை மண்டபத்தில் தங்கச்சி மெதுவாக ஒரு மாதா பாட்டைப் பாடினாள். ஒரு வரி முடிந்தபிறகும் அந்தக் குரல் கூரையிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற ஆர்மீனியப் பாட்டி ஒருவர், தேன் நிறத்தில் பென்சிலைவிட மெல்லிய ஒரு மெழுகுவர்த்தியைத் தன் கட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அங்கே மணல் பரப்பிய தட்டில் குத்தித்தான் ஏற்றுவார்கள்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு சொந்தமும் உண்டு. பாரிமுனை அரண்மனைக்காரத் தெரு பக்கம் போகிறவர்கள் ஆர்மீனியன் தெருக் கோவிலைப் பார்த்திருப்பார்கள். உலகின் முதல் ஆர்மீனிய இதழ் 'அஸ்தரார்' 1794இல் அச்சானது மெட்ராஸில்தான். பரங்கிமலைக்குப் படிக்கட்டு கட்டிக் கொடுத்தவரும் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டிப் போனால் எரெவான் அந்நியமாக இருக்காது.

ஆனால் அம்மாவுக்கு அது சரிப்படாது. கெகார்டின் மேல் மண்டபத்துக்கு ஒழுங்கற்ற கல்படிகளில் ஏற வேண்டும். புனித கிரகோரியார் பதின்மூன்று ஆண்டு அடைபட்டிருந்ததாகச் சொல்லப்படும் கோர் விராப் நிலவறைக்குள் செங்குத்தான இரும்பு ஏணியில் இறங்க வேண்டும். மலைப்பக்கக் கோவில்கள் பலவற்றில் உட்கார ஒன்றும் இல்லை. அங்கிருந்து ஜார்ஜியாவுக்கும் போகலாம் என்பார்கள். அது இன்னும் கஷ்டம். அந்த மரபில் வழிபாடு முழுவதும் நின்றபடிதான், பெஞ்சே கிடையாது. எரெவானிலிருந்து திபிலிசிக்குச் சாலையில் ஐந்தாறு மணி நேரம் ஆகும். நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற தம்பதிக்கு, அல்லது வளைகுடாவில் வேலை பார்த்து நாலைந்து நாள் விடுமுறை கிடைப்பவர்களுக்கு, யோசிக்கவே வேண்டாம், ஆர்மீனியாதான். எங்களுக்கு இல்லை.

போர்ச்சுகல் விஷயத்தில்தான் உண்மையாகவே தடுமாறினோம். வீட்டில் பாதி ஓட்டு அதற்குத்தான்.

சொந்தம் என்று பார்த்தால் லிஸ்பனுக்கு ஈடில்லை. புளியம்பட்டியிலும் உவரியிலும் நாம் கும்பிடுகிற அந்தோணியார் பதுவை நகர் அந்தோணியார் என்றாலும், பிறந்தது லிஸ்பனில். பேராலயத்துக்குச் சற்றுக் கீழே, அவர் பிறந்த வீடு இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் சின்னதாக ஒரு கோவில் இருக்கிறது. ஓரியூரில் 1693இல் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ), 1647இல் பிறந்ததும் இதே ஊரில்தான். சவேரியார் இந்தியாவுக்குக் கப்பலேறியது 1541இல் லிஸ்பனிலிருந்து. மறு வருடமே முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். 1554இல், ரோமன் எழுத்தில் தமிழை அச்சிட்ட மறைநூல் வெளிவந்ததும் லிஸ்பனில். ஓரியூர் செம்மண்ணைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிற வீடுகள் நம் பக்கம் எத்தனையோ. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஊரைக் காட்டத்தான் வேண்டும்.

அப்புறம் பாத்திமா. லிஸ்பனிலிருந்து பேருந்தில் சுமார் ஒன்றரை மணி நேரம். 1917 மே 13 முதல் அக்டோபர் 13 வரை மூன்று இடையர் பிள்ளைகளுக்கு மாதா காட்சி தந்த இடம். இடமே சமதளம். நடுவில் திறந்த சிற்றாலயம், சுற்றிலும் பெஞ்சுகள். 2007இல் திறந்த புதிய பேராலயத்தில் எட்டாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். நான் போன அன்று ஒரு தாய், இடுப்பளவு உயரமான மெழுகுவர்த்தியைத் தோளில் சாய்த்துத் தூக்கி வந்தார். மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்தில் வெக்கை தாங்காமல் மெழுகெல்லாம் குழைந்து வளைந்து ஒன்றின்மேல் ஒன்று உருகி ஓடுகிறது. பக்கத்துக் கடையில் மெழுகில் செய்த கை, கால், தலை, குழந்தை உருவங்கள். வேளாங்கண்ணியில் தகட்டில் வாங்குவோமே, அதே நேர்ச்சை. மண்டியிட்டபடியே சிற்றாலயம் வரை நகர்ந்து போகிறவர்களும் உண்டு. வேளாங்கண்ணி மணலில் முழங்காலில் போகிறவர்களைப் பார்த்த எனக்குத் தொண்டை அடைத்தது. இரவில் செபமாலை பவனி. பாட்டில் 'ஆவே மரியா' என்ற பல்லவி வரும்போதெல்லாம் ஆயிரக்கணக்கான சுடர்கள் ஒரே நேரத்தில் உயரும்.

சாப்பாட்டிலும் போர்ச்சுகல் முந்துகிறது. அது அரிசி சாப்பிடுகிற ஊர். சுட்ட மத்தி மீனும் சோறும் தட்டில் வந்தால் அம்மா வேறொன்றும் கேட்கமாட்டார். பிள்ளைகளுக்குப் பெலேம் பக்கத்து முட்டைக் கஸ்டர்ட் பலகாரம். அதே பெலேமில் ஜெரோனிமோஸ் மடாலயக் கோவிலில் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் வந்த பெயரைக் கல்லறையில் பார்க்கிற அனுபவம் மகளுக்குப் பிடிக்கும். கார்மோ மடத்தின் கூரையில்லாத கோவிலும் அப்படித்தான். 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள் காலை, ஜனங்கள் கோவில்களில் கூடியிருந்த நேரத்தில் நிலநடுக்கம் வந்தது. வளைவுகள் மட்டும் நிற்கின்றன, மேலே வானம்.

தடை என்னவென்றால் லிஸ்பனின் தரை. ஊரே குன்றுகள். நடைபாதை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைக் கற்கள், பல நூறு ஆயிரம் கால்கள் தேய்த்து வழவழவென்று ஆகிவிட்டவை. லேசாக மழை தூறினாலும் வழுக்கும். எனக்கே இரண்டு தடவை கால் வாரியது. மூட்டு மாற்றிய ஒருவரை அங்கே தினமும் நடத்த எனக்குத் தைரியமில்லை. பாய்ஷா பக்கத்துச் சமவெளியில் தங்கி எல்லாவற்றுக்கும் டாக்சி பிடித்தால் சமாளிக்கலாம். இன்னொரு விஷயம், நம் மே விடுமுறையில் மே 13 வருகிறது. அன்று பாத்திமாவில் இருப்பது பெரும் பாக்கியம், ஆனால் அறைகள் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும். கூட்டத்தில் அம்மாவை நிறுத்துவதும் சரியில்லை.

இனி ரோம். இத்தாலி என்று சொல்லவில்லை, கவனியுங்கள். இத்தாலி முழுவதும் என்றால் நான் மறுபடியும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரே ஊர், ஒன்பது இரவு, ஒரே வீடு. இப்படிக் கணக்குப் போட்டபிறகுதான் ரோம் எவ்வளவு வசதியான ஊர் என்று தெரிந்தது.

நான்கு பெரும் பசிலிக்காக்களும் இலவசம். மேரி மேஜர், அதாவது அம்மா ஜன்னல் வழியே பார்த்த அந்தச் சாந்தா மரியா மஜ்ஜோரே, தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். லாத்தரன் யோவான் பேராலயத்துக்கு மெட்ரோ 'ஏ' பாதையில் சான் ஜொவான்னி. இராயப்பர் (பேதுரு) பேராலயத்துக்கு அதே பாதையில் ஒத்தாவியானோ. சின்னப்பர் (பவுல்) பேராலயத்துக்கு 'பி' பாதையில் கோவில் பெயரிலேயே நிலையம். ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்தால் போதும். காலை ஏழு மணிக்கு இராயப்பர் பேராலயம் போனால் பாதுகாப்புச் சோதனை வரிசை குறைவு. உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் மைக்கேலாஞ்சலோவின் பியத்தா சிலை, இறந்த இயேசுவை மடியில் தாங்கிய மாதா. 1972இல் ஒருவன் சுத்தியலால் அடித்ததிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. மகன் என்ன ஏது என்று கேட்பான், சொல்ல ஒரு கதை இருக்கிறது. குவிமாடத்துக்கு 551 படி. லிஃப்டில் மொட்டைமாடி வரை போனால்கூட மேலே 320 படி பாக்கி. பிள்ளைகளும் என் மனைவியும் ஏறட்டும், நானும் அம்மாவும் கீழே பூசை பார்த்துக்கொள்கிறோம். புதன்கிழமை திருத்தந்தையின் பொதுச் சந்திப்புக்குச் சீட்டு இலவசம். ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்கு ஜன்னலில் தோன்றி ஆசீர் தருவதைப் பார்க்கச் சீட்டே வேண்டாம்.

சின்னக் கோவில்கள்தான் பிள்ளைகளை இழுக்கும். சான் லூயிஜி கோவிலில் கரவாஜியோ வரைந்த மத்தேயு ஓவியங்கள் மூன்று. இருட்டு மூலையில் தொங்கும். பெட்டியில் ஒரு நாணயம் போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். போன தடவை எங்கள் குழு உள்ளே இருந்த பத்து நிமிடத்தில் ஆறு வயது மகள் என் சட்டைப்பையிலிருந்து மூன்று நாணயம் எடுத்துப் போட்டாள். ஒன்பது நாளில் அவளுக்கு நினைவிருக்கிற ஒரே ஓவியம் அதுதான். சான் கிளமெந்தே இன்னும் அருமை. 12ஆம் நூற்றாண்டுக் கோவிலுக்குக் கீழே 4ஆம் நூற்றாண்டுக் கோவில், அதற்கும் கீழே முதல் நூற்றாண்டுக் கட்டடங்களும், மித்ரா என்ற பழைய ரோமானியத் தெய்வத்தின் வழிபாட்டு அறையும். கீழ்த்தளத்தில் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். கீழே இறங்கக் கட்டணம் உண்டு. மேல் கோவிலில் அம்மா உட்கார்ந்து பீடத்துக்கு மேலுள்ள மொசைக்கைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தெருவுக்குத் தெரு குடிநீர்க் குழாய்கள். மூக்கு மாதிரி வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கிற துளை வழியாக நீர் பீய்ச்சும். மகனுக்கு அது போதும்.

அம்மாவுக்கு இன்னொன்று சொல்லியிருக்கிறேன். ஜேசு கோவிலில் ஒரு பீடத்தில் சவேரியாரின் வலது கை இருக்கிறது. 1614இல் கோவாவிலிருந்த உடலிலிருந்து எடுத்து ரோமுக்கு அனுப்பிய திருப்பண்டம். மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் நம் முன்னோருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கை. இதைச் சொன்னதும் அம்மா கையிலிருந்த செபமாலையைக் கீழே வைத்துவிட்டு, "நிசமாவா?" என்று கேட்டார். லிஸ்பனுக்கும் ரோமுக்கும் நடுவில் தராசு அசைந்த நேரம் அதுதான்.

அசிசிக்கு ஒரு நாள் ரயிலில் போய் வரலாம், இரண்டு இரண்டரை மணி நேரம். இந்த முறை மலைமேல் ஏறித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், சமதளத்திலேயே, பெரிய பேராலயம் ஒன்றின் வயிற்றுக்குள் பொர்சியுங்குலா என்ற குட்டிக் கற்கோவில் இருக்கிறது. பிரான்சிஸ் அசிசியார் தம் கையால் செப்பனிட்டது. அவர் இறந்ததும் அங்கேதான். அம்மாவுக்கு அது போதும், எங்களில் யார் வேண்டுமானாலும் பேருந்து பிடித்து மேலே போய்க் கல்லறையைப் பார்த்து வரலாம். என் விருப்பத்துக்கு மட்டும் விட்டால் ராவென்னாவுக்கும் போவேன். கல்லா பிளசீதியா கல்லறைக் கோவிலின் நீலக் கூரையில் பதித்த தங்க நட்சத்திரங்களைப் பார்க்க எனக்கு வெகு நாள் ஆசை. இந்த முறை இல்லை.

ரோமில் குறை இல்லாமல் இல்லை. சிறு கோவில்கள் மதியம் பன்னிரண்டரைக்கு மேல் சாத்தி மூன்று, நான்கு மணிக்குத்தான் திறக்கும். அந்த நேரத்தை வீட்டில் தூங்குவதற்கு ஒதுக்கிவிட்டேன். மெட்ரோவிலும் பேருந்திலும் ஜேப்படி அதிகம். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு கட்டாயம், சேலை கட்டும் அம்மாவுக்கு அது பிரச்சினையே இல்லை. பொதுக் கழிப்பறைகள் குறைவு, காபிக் கடையில் ஏதாவது வாங்கிவிட்டுப் போக வேண்டும். விடுதியில் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி தனியாக வாங்குவார்கள்.

செலவு என்று பார்த்தால் ரோமுக்கும் லிஸ்பனுக்கும் பெரிய வித்தியாசம் விமானத்திலோ விசாவிலோ இல்லை. இரண்டுக்கும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாதான், பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. எங்கே அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம். மே மாதத்துக்கு ஜனவரியிலேயே போய்விடுவது நல்லது, பிறகு சந்திப்பு நேரம் கிடைப்பது கஷ்டம். தங்கும் செலவு லிஸ்பனில் கொஞ்சம் குறையும். ஆனால் அங்கே டாக்சிக்குப் போவதை ரோமில் மெட்ரோ மிச்சப்படுத்தும். ஆர்மீனியா இரண்டையும்விட மலிவு, அதில் சந்தேகமே வேண்டாம்.

அண்ணன் குடும்பம் இதே கேள்வியைக் கேட்டபோது நான் லிஸ்பன் என்றுதான் சொன்னேன். அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் கால் நன்றாக இருக்கிறது, மைனிக்குப் பாத்திமாவுக்கு ஒரு நேர்ச்சையும் பாக்கி. எங்களுக்கு ரோம்.

எஸ்குவிலினோ பகுதியில், மேரி மேஜரிலிருந்து ஏழெட்டு நிமிட நடையில், சமையலறையோடு ஒரு வீடு பார்த்திருக்கிறோம். பக்கத்தில் வித்தோரியோ சதுக்கம். அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க வங்காளதேச, இந்தியக் கடைகள், அரிசிக்கும் பச்சை மிளகாய்க்கும் பஞ்சமில்லை. வீட்டுக்காரருக்கு நான் அனுப்பிய முதல் கேள்வி, லிஃப்ட் இருக்கிறதா, அது தரைத்தளத்திலிருந்தே தொடங்குகிறதா, இல்லை நாலு படி ஏறித்தான் லிஃப்டைப் பிடிக்க வேண்டுமா என்பது. ரோமின் பழைய கட்டடங்களில் பாதி அப்படித்தான். தரையிலிருந்தே உண்டு என்று படம் எடுத்து அனுப்பினார்.

ஆகஸ்ட் 5 அன்று மேரி மேஜரில் பூசை நேரத்தில் கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைத் தூவுவார்கள், அந்தப் பழைய பனியின் நினைவாக. அதைக் காணொளியில் அம்மாவுக்குக் காட்டினேன். ஆகஸ்டில் பள்ளி இருக்கிறதே, மே மாதம் பூ விழாதே என்று நான் வருத்தப்பட்டேன். அம்மா காணொளியை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு, ஒரு இடத்தில் நிறுத்தி, பெஞ்சுகளின் முன்வரிசையை விரலால் தொட்டுக் காட்டினார். "பூ விழாட்டா என்னய்யா. இங்கன ஒக்காந்துக்கிடுதேன். நீங்க எல்லாரும் ஊரைச் சுத்திட்டு வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க."